கல்லாவும் நாற்காலியும்

சாலைக் கடைத்தெருவின் வரலாறு – பகுதி 14

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்குகள் எவ்வழியே வந்தன, எந்த ஊர்க்காரர்கள் எந்த வணிகத்தைக் கைக்கொண்டனர் என்பவை இத்தொடரின் முந்தைய பகுதிகளில் ஆராயப்பட்டன. கடையை நிறுவியவர் மறைந்தபின் அவருடைய இருக்கையில் யார் அமர்ந்தார், அமரும் உரிமையை அவருக்கு வழங்கியது எது என்னும் வினாவை இப்பகுதி எடுத்துக்கொள்கிறது. ஒரு மளிகைக்கடையின் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் எழும் இவ்வினாவும், பல்லாயிரம் பேர் வேலைபார்க்கும் பெரிய நிறுவனத்தின் தலைவர் நாற்காலியைச் சுற்றி எழும் வினாவும் அடிப்படையில் ஒன்றே. அதைத் தெளிவாக ஆராய்வதற்குத் திருவிதாங்கூரைவிடப் பொருத்தமான நிலப்பகுதி தென்னிந்தியாவில் அரிது. ஏனெனில் அங்கே ஒரே அரசின் குடிமக்களிடையே, சில வேளைகளில் ஒரே தெருவின் அடுத்தடுத்த கடைகளிலேயே, ஒன்றுக்கொன்று முரணான வாரிசு முறைகள் அருகருகே நிலவின.

தெருவை உருவாக்கியவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கார்த்திகைத் திருநாள் இராமவர்மரின் ஆட்சிக்காலத்தில், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, அரண்மனைக்கும் கோயிலுக்கும் பெருகிவந்த நகர மக்களுக்கும் வேண்டிய பண்டங்கள் ஓரிடத்தில் கிடைக்கும்படி சாலைக் கடைத்தெருவை ஏற்படுத்தியவர் திவான் ராஜா கேசவதாஸ். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த குன்னத்தூரில் 1745இல் பிறந்த அவர், இளமையில் வணிகர் ஒருவரிடம் கணக்கெழுதும் பணியில் இருந்து, அங்கே காட்டிய திறமையால் அரண்மனைப் பணிக்குள் நுழைந்தவர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னாளில் எத்தனையோ குடும்பங்களின் மரபுரிமைச் சொத்தாக மாறிய ஒரு தெருவை உருவாக்கியவர், தாமே எந்தப் பதவிக்கும் வாரிசாக வந்தவர் அல்லர் என்பது இவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ளத்தக்கது.

இத்தெரு உருவாவதற்குச் சுமார் அரை நூற்றாண்டு முன்பே, அதற்கு மிக அருகில், வாரிசுரிமை குறித்த ஓர் அரிய முன்னுதாரணம் படைக்கப்பட்டிருந்தது. 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டை ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, இறைவனின் அடியவராக மட்டுமே ஆட்சி நடத்துவதாக அறிவித்தார். திருப்படித்தானம் எனப்படும் இந்த ஒப்படைப்புக்குப் பின் வந்த மன்னர்கள் பத்மநாபதாசர் என்ற பட்டத்தோடு அரியணை ஏறினர். இதன் அரசியல் நோக்கங்கள் எவையாயினும், அதிலிருந்த கருத்து பிற்காலத் தொழில் நிறுவனங்களுக்கும் பொருந்துவது: ஒருவர் ஒன்றை நடத்துகிறார் என்பதாலேயே அது அவருடைய உடைமையாகிவிடாது, உடைமை வேறு, பொறுப்பு வேறு. அந்த அரியணையும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லவில்லை. மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குச் சென்றது. மரபைத் தொடர அரச குடும்பத்தில் பெண்மக்கள் இல்லாதபோது, 1900இல் நிகழ்ந்ததுபோல, பெண்களைத் தத்தெடுத்து மரபு காக்கப்பட்டது.

ஒரே தெருவில் பல வழிகள்

திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் சாலைக்கு வந்து வணிகம் செய்த தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை மக்கள்வழியைப் பின்பற்றின. மக்கள்வழி, அதாவது மக்கத்தாயம், என்பது தந்தையின் சொத்து அவர் பெற்ற மக்களுக்குச் செல்லும் முறை. மிதாட்சரம் என்னும் பழைய இந்து சட்ட மரபின்படி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகன் பிறந்த கணத்திலேயே பங்குரிமை பெறுகிறான். குடும்பத்தின் மூத்த ஆண், கர்த்தா என்ற பெயரில், அனைவருக்காகவும் நிர்வாகம் செய்கிறார். வணிகக் குடும்பங்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு கூறும் அடங்கியிருந்தது. முறைகேடான நோக்கத்துக்காக வாங்கப்படாத தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் அறக்கடமை என்று அந்த மரபு விதித்தது. ஆகவே கல்லாவில் அமர்ந்த மகன், தந்தையின் பேரேட்டில் இருந்த வரவுகளை மட்டுமன்றி, பற்று வைத்துச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரிகளுக்குத் தந்தை கொடுத்திருந்த வாக்கையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டான். கடனை நம்பி நடந்த வணிகத்தில், வாரிசு என்பவர் தந்தையின் சொல்லுக்கு அடுத்த தலைமுறை தரும் பிணையாக இருந்தார்.

நாயர்களும், ஈழவர்களுள் பெரும்பகுதியினரும், தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள்வழியைப் பின்பற்றினர். மருமக்கத்தாயம் எனப்பட்ட இம்முறையில் தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்பமே சொத்தின் உடைமையாளர். அதன் மூத்த ஆணான காரணவர் நிர்வாகி. காரணவரின் சொந்த மக்கள் அவருடைய தறவாட்டைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் தம் தாயின் தறவாட்டுக்கு உரியவர்கள். எனவே ஒருவர் தம் உழைப்பால் சேர்த்த பொருளும்கூட, அவர் உயிலின்றி இறந்தால், மகனுக்குப் போகாமல் தறவாட்டுக்கு, நடைமுறையில் மருமகனுக்கு, சென்றது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் தந்தை தம் மக்களுக்கு மனமுவந்து அளிக்கும் உகந்துடைமை என்ற சிறு பங்கு வழக்கில் இருந்தபோதிலும், தாம் வளர்த்த தொழிலைத் தாம் வளர்த்த மகனிடம் முழுமையாக ஒப்படைக்க இயலாத தந்தையின் நெருக்கடியை அது தீர்க்கவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதியது இந்த நெருக்கடியால் குடும்பங்கள் சிதைந்ததைக் கண்டே ஆகும்.

முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் பங்குகள் முன்பே வரையறுக்கப்பட்ட இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றின. அதில் மகளுக்கும் உறுதியான பங்கு உண்டு, ஆயினும் அது மகனின் பங்கில் பாதி. சிரியன் கிறிஸ்தவர்களுக்கு 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியது. உயிலின்றி இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே சீதனமாக உரியது என்று அச்சட்டம் வரையறுத்தது.

இம்முறைகளை அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. தந்தைக்குப் பின் மகன் என்பது இயற்கையின் நியதி போலப் பலராலும் கருதப்படுகிறது. ஆனால் அது பல ஏற்பாடுகளுள் ஓர் ஏற்பாடு மட்டுமே. மக்கள்வழிக் கடையில் மகனும், அதற்கு அடுத்த மருமக்கள்வழிக் கடையில் சகோதரியின் மகனும் அமர்வது ஐயத்துக்கு இடமில்லாத முறையாக அந்தந்தக் குடும்பங்களால் ஏற்கப்பட்டிருந்தது. மனிதர் வகுத்த ஏற்பாட்டை மனிதர் மாற்றவும் முடியும் என்பதைத் திருவிதாங்கூரின் அடுத்த அறுபது ஆண்டுகள் காட்டின.

சட்டம் மாறிய விதம்

1912ஆம் ஆண்டின் நாயர் சட்டம், உயிலின்றி இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் ஒரு பாதியை மனைவி மக்களுக்கும் மறு பாதியைத் தறவாட்டுக்கும் பிரித்தளித்தது. 1925இல் வந்த சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பிரித்துக்கொள்ளும் உரிமையை வழங்கியதோடு, சுயசம்பாத்தியத்தின் மீது மருமகன்களுக்கு இருந்த உரிமையையும் நீக்கியது. அதே ஆண்டில் ஈழவர்களுக்கும், 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. கேரளச் சட்டமன்றம் 1975இல் இயற்றி, 1976 டிசம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம், தறவாட்டை மட்டுமன்றி மிதாட்சரக் கூட்டுக்குடும்பத்தையும் கேரளத்தில் முடிவுக்குக் கொண்டுவந்தது. தந்தையின் கடனுக்கு மகன் பொறுப்பு என்ற பழைய அறக்கடமையையும் அச்சட்டம் நீக்கியது. கர்த்தா என்ற பதவியின் பெயரால் சாலையில் நடந்த தமிழ்க் குடும்பங்களின் கூட்டு வணிகத்துக்கு அன்றுமுதல் சட்ட அடித்தளம் இல்லாது போயிற்று. சொத்து தனித்தனிப் பங்குகளாகவும், வணிகம் கூட்டாண்மையாகவோ நிறுவனமாகவோ அமைய வேண்டிய நிலை உருவாயிற்று.

இவ்விடத்தில் நிறுவனம் என்ற சொல்லை விளக்குவது தேவை. கூட்டாண்மை என்பது சிலர் முதல் போட்டு இலாப நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம். கூட்டாளி ஒருவர் இறந்தால், மாற்று ஏற்பாடு எழுதிவைக்கப்படாதபோது, அது கலைந்துவிடும். நிறுவனம் அவ்வாறன்று, அதற்குச் சட்டத்தின் பார்வையில் தனி உயிர் உண்டு. நிறுவனர் இறந்தாலும் அது இறப்பதில்லை. அதன் கடன் பங்குதாரரின் வீட்டைத் தொடுவதில்லை. உடைமை சிறுசிறு பங்குகளாகப் பிரிந்து மகன், மகள், பேரன், அயலார் எவரிடமும் செல்லலாம். ஆனால் இயக்குநர் குழுவின் தலைமையும் நிர்வாக இயக்குநரின் அதிகாரமும் பங்குகளைப்போல் பிரிக்க முடியாதவை. பத்து வாரிசுகளுக்குப் பத்துப் பங்குகள் கொடுக்கலாம். பத்து நாற்காலிகள் கொடுக்க முடியாது. கல்லாவில் அமர்பவரே கடைக்கு உடையவர் என்றிருந்தவரை மறைந்திருந்த இந்த வேறுபாடு, நிறுவனம் தோன்றியவுடன் வெளிப்பட்டது. குடும்ப நிறுவனங்களைச் சிதைத்த பெரும்பாலான பூசல்களின் வேர் இதுவே.

கோட்டயத்திலிருந்து திருவொற்றியூர் வரை

திருவிதாங்கூரில் இந்த மாற்றத்தை முழுமையாகக் கடந்துவந்த குடும்பம் ஒன்றின் வரலாறு இங்கே விரிவாக நோக்கத்தக்கது. கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை 1888இல் கோட்டயத்தில் மலையாள மனோரமாவைப் பங்கு நிறுவனமாகத் தொடங்கினார். நாளிதழாகப் பின்னர் வளர்ந்த அப்பத்திரிகையின் முதல் இதழ் 1890இல் வெளிவந்தது. 1904இல் அவர் மறைந்தபோது ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் அவருடைய சகோதரரின் மகன் கே.சி. மம்மன் மாப்பிள்ளை. 1912இல் திருவல்லாவில் திருவிதாங்கூர் நேஷனல் வங்கியையும் அவர் நிறுவினார். அந்த வங்கி, சி.பி. மாத்தன் நடத்திய குயிலான் வங்கியோடு 1937இல் இணைந்து, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக உருவெடுத்தது. சர் சி.பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1938இல், இணைந்த வங்கி கொடுப்பனவுகளை நிறுத்தி மூடப்பட்டது. அதே ஆண்டில் மனோரமாவின் அச்சகமும் முத்திரையிடப்பட்டது. மம்மன் மாப்பிள்ளை சிறைப்பட்டார். பத்திரிகை மீண்டும் கோட்டயத்திலிருந்து முழுமையாக வெளிவர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, அவருடைய பிள்ளைகளுக்கு மரபுரிமையாக வந்தது தயாரான நாற்காலி அன்று. மூடப்பட்ட வங்கியும் பூட்டப்பட்ட அச்சகமும் ஆகும். அவர்களுள் இளையவரான கே.எம். மம்மன் மாப்பிள்ளை தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். 1952இல் தேய்ந்த டயர்களுக்குப் புதுப்பரப்பு ஒட்டப் பயன்படும் டிரெட் ரப்பர் உற்பத்திக்கு மாறினார். 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டோடு டயர் தயாரிப்பில் இறங்கிய அத்தொழில், மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி என்ற பொது நிறுவனமாகவும், பின்னர் எம்.ஆர்.எஃப். என்ற பெயரிலும் வளர்ந்தது. மூத்த சகோதரர் கே.எம். செரியன் 1954 முதல் மனோரமாவின் ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பின் 1973இல் மற்றொரு சகோதரர் கே.எம். மாத்யூ அப்பொறுப்பை ஏற்று 2010இல் மறையும் வரை நடத்தினார். டயர் நிறுவனத்தை 2003 வரை நடத்திய மம்மன் மாப்பிள்ளை மறைந்தபின் தலைமை அவருடைய மகன்களிடம் சென்றது. இன்று அடுத்த தலைமுறையினரும் இயக்குநர் குழுவில் இடம்பெற்றுள்ளனர்.

இவ்வரலாற்றில் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, சகோதரர்கள் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடாமல் வெவ்வேறு தொழில்களை எழுப்பி, பத்திரிகையின் தலைமையை ஒருவருக்குப் பின் ஒருவராக ஏற்றது. இரண்டாவது, தொழிலின் முதல் தலைமுறை முதலாளியாகவே இளைய மகன் தம் வாழ்க்கையைத் தொடங்கியது. பெரிய குடும்பத்தின் பெயரும் தொடர்புகளும் அவருக்கு உதவாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் பலூன் கொட்டகையில் கற்ற பாடத்தை எந்த உயிலும் அவருக்கு எழுதிவைத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

‘அண்டு சன்ஸ்’ என்ற பெயர்

நாஞ்சில் நாட்டுக்கு வடகிழக்கே, மலையின் மறுபக்கத்தில் உள்ள திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1911இல் மதுரையில் தொழில் தொடங்கிப் பேருந்துப் போக்குவரத்தில் முன்னோடியாக விளங்கினார். அவருடைய நிறுவனம் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ், சுருக்கமாக டி.வி.எஸ்., என்று பெயர் பெற்றது. பெயர்ப்பலகையிலேயே வாரிசுகளை அறிவித்த இவ்வழக்கம் அக்காலத்து வணிக உலகில் பரவலாக இருந்தது. வாடிக்கையாளருக்கும் கடன் கொடுப்பவருக்கும் தொழில் ஒரு தலைமுறையோடு முடியாது என்ற உறுதியை அது வழங்கியது. தந்தை 1955இல் மறைவதற்கு முன்பே மகன்கள் தொழிலுக்குள் வந்துவிட்டனர். டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார், டி.எஸ். சீனிவாசனின் கிளையில் சுந்தரம் கிளேட்டனும், டி.எஸ். கிருஷ்ணாவின் கிளையில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸும் வளர்ந்தன.

பல பத்தாண்டுகளாக, எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ அது ஒன்றாகவும், அந்த நிறுவனங்களின் பங்குகளைக் கைக்கொண்ட தாய் நிறுவனம் அனைவருக்கும் பொதுவாகவும் இருந்துவந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறையில் உறவின் தூரம் கூடிய நிலையில், 2020 டிசம்பரில் குடும்ப உறுப்பினர்கள் ஓர் ஏற்பாட்டுக்கு உடன்பட்டனர். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு அது 2022 தொடக்கத்தில் செயலுக்கு வந்தது. எந்த நிறுவனத்தை எந்தக் கிளை நடத்துகிறதோ அதன் உடைமையும் அந்தக் கிளைக்கே சேர வேண்டும் என்பதே அதன் சாரம். பாகப்பிரிவினை என்ற சொல்லைக் கேட்டாலே பகையை நினைப்பது தமிழ்ச் சமூகத்தின் வழக்கம். ஆனால் பகை முற்றும் முன்பே அமைதியாகச் செய்யப்படும் பிரிவினை உறவையும் தொழிலையும் ஒருங்கே காக்கும் என்பதற்கு இது சான்று. இதற்கு மாறாக, திருபாய் அம்பானி 2002இல் உயில் எழுதாமல் மறைந்தபின் அவருடைய இரு மகன்களிடையே எழுந்த பூசல் நாட்டின் பங்குச் சந்தையையே கவலைக்குள்ளாக்கி, 2005இல் தாயின் தலையீட்டால் தொழில்கள் பிரிக்கப்படும் வரை சென்றது.

பெயர்ப்பலகையில் இல்லாதவர்கள்

‘அண்டு சன்ஸ்’ என்ற பெயரில் மகள்களுக்கு இடமில்லை. சுந்தரம் அய்யங்காரின் மகள் மருத்துவர் சௌந்தரம், திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த காந்தியவாதி ஜி. இராமச்சந்திரனை 1940இல் மணந்து, அவரோடு இணைந்து 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தோற்றுவித்து, பின்னாளில் மத்திய அரசில் துணையமைச்சராகவும் பணியாற்றினார். ஒரு பெரும் கல்வி நிறுவனத்தை வெறுந்தரையிலிருந்து எழுப்பும் ஆற்றல் படைத்த ஒருவர், தாம் பிறந்த வீட்டின் தொழில் தலைமைக்கு உரியவராக அக்காலத்து மரபால் எண்ணிப்பார்க்கப்படாத நிலை, அந்த ஒரு குடும்பத்தின் குறையன்று; அக்காலத்து வணிகச் சமூகம் முழுவதன் குறை. தறவாட்டின் சொத்து பெண்வழி சென்ற திருவிதாங்கூரிலும் நிர்வாகம் காரணவரான ஆணின் கையிலேயே இருந்தது என்பதை நோக்கினால், உடைமையைவிடத் தலைமையே பெண்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது புலனாகும்.

உடைமைக் கதவைச் சட்டம் மெல்லத் திறந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் அளித்த தீர்ப்பு, 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் சட்டம் 1951 முதலே செல்லுபடியாகாது என்றும், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு உண்டு என்றும் உறுதிசெய்தது. தமிழ்நாடு 1989இல் இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில், அதுவரை மணமாகாதிருந்த மகள்களுக்குச் சம உரிமை அளித்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அதை மணமான மகள்களுக்கும் நாடு முழுவதற்கும் விரித்தது. கேரளத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்திருத்தத்தின் பயன் அங்குள்ள மகள்களுக்குத் தடைப்படலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

தலைமைக் கதவு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. பர்மாவில் 1900இல் வேரூன்றிய முருகப்பா குழுமத்தில், எம்.வி. முருகப்பன் 2017இல் மறைந்தபின் அவருடைய மகள் வள்ளி அருணாசலம், தம் குடும்பத்தின் பங்குகளை முன்னிட்டு அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் தாய் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கோரினார். 2020 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் அதற்கு எதிராக விழுந்தன. இருதரப்பும் உடன்பாடு கண்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பங்கு இருந்தது, நாற்காலி கிடைக்கவில்லை என்ற மேற்கூறிய வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மை வரலாற்றில் இல்லை. மறுபுறம், அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் ஏ. சிவசைலத்தின் மகள் மல்லிகா சீனிவாசன் 1986இல் டாஃபே நிறுவனத்தில் சேர்ந்து, கால் நூற்றாண்டுப் பயிற்சிக்குப் பின் 2011இல் அதன் தலைவரானார். ‘சன்ஸ்’ என்று பெயர் கொண்ட டி.வி.எஸ். மரபிலேயே ஆரதி கிருஷ்ணா சுந்தரம் ஃபாஸ்னர்ஸையும், லட்சுமி வேணு சுந்தரம் கிளேட்டனையும் நிர்வாக இயக்குநர்களாக நடத்தும் நிலை உருவாகியுள்ளது.

பிறப்பும் தேர்வும்

வாரிசுக்கும் திறமைக்கும் இடையிலான இந்த இழுபறிக்கு உலகின் பல பகுதிகள் தத்தம் வழியில் விடை தேடியுள்ளன. ஜப்பானிய வணிகக் குடும்பங்களில் தகுதியுள்ள இளைஞர் ஒருவரை மகளுக்கு மணமுடித்து, அவரை மகனாகவே தத்தெடுத்துக் குடும்பப் பெயரையும் தலைமையையும் அளிப்பது நெடுங்கால வழக்கம். சுசுகி நிறுவனத்தை 1978 முதல் பல பத்தாண்டுகள் வழிநடத்திய ஒசாமு சுசுகி, மட்சுடா என்ற குடும்பத்தில் பிறந்து அவ்வாறு தத்தெடுக்கப்பட்டவரே. அந்த நிறுவனத்தோடுதான் டி.வி.எஸ். 1980களில் கூட்டுச் சேர்ந்து, 2001இல் பிரிந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் மகனில்லாத வீட்டுக்குப் பங்காளிகளிடமிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வதையும், திருவிதாங்கூர் அரச குடும்பம் தத்தெடுத்ததையும் இதனோடு ஒப்பிடலாம். மரபின் தொடர்ச்சி இரத்தத்தைவிட ஏற்பாட்டையே நம்பியிருந்ததை இவை மூன்றும் உணர்த்துகின்றன.

வேறொரு வழி, குடும்பத்துக்கு வெளியிலிருந்து தலைவரைத் தேர்வது. நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்து, டாட்டா கன்சல்டன்சியில் படிப்படியாக உயர்ந்த என். சந்திரசேகரன் 2017இல் டாட்டா சன்ஸின் தலைவரானது இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. டி.வி.எஸ். மோட்டாரில் 2022இல் ஜெர்மானியரான ரால்ஃப் ஸ்பெத் தலைவராகவும், டி.எஸ். சீனிவாசனின் கிளையைச் சேர்ந்த வேணு சீனிவாசனின் மகன் சுதர்சன் வேணு நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பேற்று, 2025இல் சுதர்சன் தலைவராக உயர்ந்தது இரு வழிகளுக்கும் இடைப்பட்ட பாதை. அயலாரான மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் வாரிசு பணியாற்றிய காலம் அது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் ஒருவராகவோ உறவினராகவோ இருக்கலாகாது என்று 2018இல் விதி வகுத்து, 2022 பிப்ரவரியில் அதைக் கட்டாயத்திலிருந்து விருப்பமாகத் தளர்த்தியது. குடும்பங்களின் எதிர்ப்பு எவ்வளவு வலிமையானது என்பதை இத்தளர்வு காட்டுகிறது. ஆயினும் பொதுமக்களின் சேமிப்பு ஒரு நிறுவனத்தின் பங்குகளில் முதலீடாகும்போது, அதன் தலைமை ஒரு வீட்டின் உள்விவகாரமாக மட்டும் இருக்க முடியாது என்ற கொள்கை நியாயமானது. இன்றோ நாளையோ அது சட்டமாகத் திரும்ப வேண்டும்.

தீர்ப்பு

இவ்வரலாறுகள் அனைத்தையும் இணைத்து நோக்கும்போது, குடும்ப வாரிசு தலைமைக்கு வருவதை முழுவதும் பழிப்பதற்கோ முழுவதும் போற்றுவதற்கோ இடமில்லை. சிறுவயது முதல் கல்லாவுக்கு அருகில் அமர்ந்து சரக்கின் தரத்தையும் மனிதரின் நாணயத்தையும் கற்ற பிள்ளையின் அறிவுக்கு ஈடான பயிற்சியைத் தருவது அரிது; கடன் கொடுத்தவருக்குத் தந்தை சொன்ன சொல்லைத் தன் சொல்லாக ஏற்கும் கடமையுணர்வும் குடும்ப வணிகத்தின் பெருஞ்செல்வம். ஆனால் அந்தப் பயிற்சியும் கடமையும் இல்லாமல் பிறப்பை மட்டும் காட்டி நாற்காலியைக் கோருவது, வேலைபார்ப்போருக்கும் பங்குதாரருக்கும் இழைக்கும் அநீதி. நிலைத்த குடும்பங்கள் மூன்றைச் செய்தன: நிறுவியவர் உயிரோடிருக்கும்போதே பங்கு யாருக்கு, நாற்காலி யாருக்கு என்பதைத் தனித்தனியே தீர்த்தன, வாரிசைத் தலைமைக்கு முன் உழைப்பில் நிறுத்தின, காலம் மாறியபோது மரபையும் மாற்றிக்கொண்டன. மகளைக் கணக்கில் சேர்க்காத குடும்பம் தன் திறமையில் பாதியைத் தானே கைவிடுகிறது என்பதை இவற்றோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சாலையில் இன்றும் தலைமுறை தாண்டி நடக்கும் கடைகளின் உடையவர்கள், உயில் எழுதுவதை மரணத்தை அழைக்கும் செயலாகக் கருதாமல், ஐந்தொகை முடிப்பதைப்போல் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கணக்காகக் கருதுவது நல்லது. மருமக்கள்வழியை மாற்றத் திருவிதாங்கூருக்குச் சட்டம் தேவைப்பட்டது. ஒரு கடையின் எதிர்காலத்தை ஒழுங்குசெய்ய, மகனையும் மகளையும் ஒன்றாக அமர்த்திப் பேசும் ஒரு மாலைப்பொழுதும் முறையாகப் பதிவுசெய்த ஓர் ஆவணமும் போதும்.